அரைப்பேர்

மகன் அனுப்பிய பெட்டிக்குள்
ஒரு சின்னத் தராசு.
அதைத் தராசு என்று சொன்னது நானில்லை,
அவர்.
முப்பத்தொரு வருசம் மடுவத்து வாசலில்
கொழுந்து நிறுத்த மனுசனுக்கு
எண் காட்டுகிற எதுவும் தராசுதான்.

காலை ஆறரை.
அடுப்பில் தண்ணி கொதிக்கிறது, தூள் போடவில்லை.
அளக்குமுன் அரை மணிக்குத் தேத்தண்ணி கூடாதாம்.
அக்கரப்பத்தனையில் இருந்துகொண்டு
தேத்தண்ணி கூடாதாம்.

கதிரையில் முதுகு சாய்ந்து,
கால் ரெண்டும் சிமெந்தில் பதிந்து,
கை மேசைமேல், நெஞ்சு உயரத்துக்கு.
மேசை தாழ்வு;
என் பழைய படங்கை மடித்து அண்டை கொடுத்தேன்.
ஐந்து நிமிசம் பேசக் கூடாது.
கட்டிக்கொண்ட நாளிலிருந்து
பக்கத்தில் பக்கத்தில் இருந்து நாங்கள்
இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது
சண்டை நாட்களில்தான்.

பட்டி காற்றை ஊதி இறுக்குகிறது,
பையப் பைய விடுகிறது.
நூற்று அறுபத்தாறு. கீழே தொண்ணூற்றிரண்டு.
ஒரு நிமிசம் பொறுத்து மறுபடி:
நூற்று அறுபத்திரண்டு.
"ரெண்டு கழிச்சு எழுது" என்றார்.
"எதுக்கு?"
"பட்டிக்கு."

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.
சாக்குக்கு ஒரு கிலோ,
மழைத்தண்ணிக்கு ஒரு கிலோ,
வெயில் காய்ந்த நாளிலும் மழைத்தண்ணிக்கு ஒரு கிலோ.
கட்டினவள் என்று
என் கூடையை மட்டும் விட்டுவைத்தவர் இல்லை.
பதினாறுக்குக் கீழே போனால் அரைப்பேர்.
பதினைந்தரையில் எத்தனை நாள்
என்னைப் பாதியாய் எழுதியிருக்கிறார்
செக்ரோலில்.

கொப்பியில் அறுபத்தாறை அறுபத்தாறாகவே எழுதினேன்.

லிந்துலை கிளினிக்கில் அவருக்கு எப்போதும் நல்ல பிரசர்.
கிளினிக் நாளில் மட்டும்
விடியவே மாத்திரையைத் தேடி விழுங்குவார்.
கொப்பியைப் புரட்டிய டொக்டர் பிள்ளை
பேனாவைக் கீழே வைத்தாள்.
"மூளைக்குள்ள சின்னக் குழாயெல்லாம் மயிரிழை மாதிரி, ஐயா.
வருசக்கணக்கா இந்த வேகத்துல அடிச்சா
ஞாபகமும் தேயலாம்.
போனதுக்கு நான் பொறுப்பு சொல்ல ஏலாது.
இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பம்."

அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் அதைச் சொல்லவில்லை:
ஐப்பசியில் ஒருநாள்
பைப்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டவர்
"பவளம்" என்று நிறுத்தி
மிச்சத்தைத் தேடினார்.
கொடி வரவில்லை.
கூடை மாட்டிய தராசு முள்ளாய்
உதடு ஆடி ஆடி நின்றது.
அன்றும் எனக்கு அரைப்பேர்தான்.

இப்போது மாத்திரை அட்டை கொப்பிக்குள்ளேயே.
கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்,
அதற்கு ஒரு வாரம் முகம் கோணல்.
டோர்ச்சின் பெட்டரி இதற்குள் போய்விட்டதால்
ராத்திரி கக்கூசுக்கு
என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.
தையில் நூற்று நாற்பத்தெட்டு.
மாசியில் முப்பத்தாறு வந்தது,
மறுநாளே ஐம்பதைத் தாண்டியது.
ஏறினாலும் எழுதுகிறேன்.

நேற்று பட்டியைக் கழற்றியவர்
"கையைக் குடு" என்றார்.
"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."
"குடு."
ஐந்து நிமிசம்.
பெரட்டுக்களத்துப் பக்கம் யாரோ யாரையோ ஏசுகிறார்கள்.
பனி வாசல்வரை வந்து நின்றது.

நூற்று எழுபத்தொன்று.

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஒண்ணு கழிச்சுப் போடுங்க" என்றேன், விளையாட்டுக்கு.
அவர் சிரிக்கவில்லை.
புதுப் பக்கம் திருப்பி
அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தார்,
செக்ரோலுக்கு இழுத்த அதே கோடு.
மேலே பேர் எழுதக் குனிந்தார்.
ப.
வ.
ளம் முடியாமல் பேனா நின்றது.

நான் வாய் திறக்கவில்லை.
பட்டி இரண்டாந்தடவை இறுகிக்கொண்டிருந்தது.
அளக்கும்போது பேசக் கூடாது.